பழைய கோல்ஃப் வண்டி வாங்குமுன் இருக்கையைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: 70 வயதாகும் என் மாமனார் வாரம் இருமுறை கோல்ஃப் ஆடுகிறார். முழங்கால் வலியால் மைதானம் முழுவதும் நடக்க முடியவில்லை. அவருக்காகப் பழைய மின்வண்டி ஒன்றை வாங்க நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்? ஈய பேட்டரி நல்லதா, லித்தியம் நல்லதா?

துபாயில் ஒரு கோல்ஃப் மன்றத்தின் வண்டிக் கொட்டகையில் 11 ஆண்டுகள் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அங்கே இந்த வண்டியை நாங்கள் ‘பக்கி’ என்றுதான் சொல்வோம். ஸ்ரீரங்கம் கோயிலிலும் ரயில் நிலையங்களிலும் முதியவர்களை ஏற்றிச் செல்லும் பேட்டரி காரைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே குடும்பம்தான், இதில் பின்புறம் இரண்டு கோல்ஃப் பைகளை நிறுத்திக் கட்டுவதற்கு இடமும் வாரும் இருக்கும். எங்கள் கொட்டகையில் அப்படி 72 வண்டிகள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட மோட்டார் கெட்டுப்போய் ஓரங்கட்டப்பட்டதாக எனக்கு நினைவில்லை. ஓரங்கட்டப்பட்டவை எல்லாம் பேட்டரியால் போனவையே.

எனவே விற்பவர் காட்டும் பெயின்ட், புது இருக்கை உறை, பளபளக்கும் சக்கர மூடி ஆகியவற்றில் கண்ணைச் செலுத்தாமல், முதலில் இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். பேட்டரிகள் அங்கேதான் இருக்கும். பழைய வண்டி என்றால் பெரும்பாலும் 6 வோல்ட் பேட்டரி ஆறு சேர்ந்து 36 வோல்ட்டாகவோ, 8 வோல்ட் பேட்டரி ஆறு சேர்ந்து 48 வோல்ட்டாகவோ ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் 28 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால், ஆட்களும் பைகளும் ஏறும் முன்பே அந்த வண்டி 170 கிலோ ஈயத்தையும் அமிலத்தையும் சுமந்துகொண்டுதான் நிற்கிறது. இவை கார் பேட்டரி போன்றவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கார் பேட்டரி ஒரு நொடி பலமாக உதைத்துவிட்டு ஓய்ந்துவிடும். இவையோ நான்கு மணி நேரம் விட்டுவிட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகத் தடித்த தட்டுகளுடன் செய்யப்படுகின்றன. விலை குறைவு என்று எவராவது கார் பேட்டரியைப் போட்டு ஓட்டியிருந்தால், அந்த வண்டியைப் பற்றி மேலே பேச வேண்டியதில்லை.

ஒரு சம்பவத்தைச் சொன்னால் நான் எதை அஞ்சச் சொல்கிறேன் என்பது விளங்கும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, பதினான்காவது குழிக்கு ஏறும் மேட்டில் ஒரு வண்டி நின்றுவிட்டதாக வயர்லெஸ்ஸில் அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால் இரண்டு ஆட்டக்காரர்கள் வெயிலில் நிற்கிறார்கள், வண்டியோ ஆமை வேகத்தில்கூட நகர மறுக்கிறது. இருக்கையைத் தூக்கி, மூடிகளைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். 8 வோல்ட் பேட்டரி ஒன்றுக்கு நான்கு அறைகள். ஆறு பேட்டரிக்கு 24 அறைகள். அவற்றுள் 23 அறைகளில் தட்டுகள் நீரில் மூழ்கியிருந்தன. மூன்றாவது பேட்டரியின் ஓர் அறையில் மட்டும் நீர் கீழே இறங்கி, தட்டுகளின் தலை உப்பளத்து வரப்பு போல வெளுத்துக் காய்ந்து கிடந்தது. தொடராக இணைத்த பேட்டரிகளில் ஓர் அறை செத்தால் மற்ற 23 அறைகளும் அதன் வழியாகத்தான் மின்சாரத்தைத் தள்ளியாக வேண்டும். மட்டமான தறியில் ஓடும் நல்ல நூல் கதைதான். அந்த வரிசை வண்டிகளுக்கு முந்தைய மாதம் நீர் ஊற்றியவன் நான்தான் என்பதைக் கொட்டகைக்குத் திரும்பிப் பதிவேட்டைப் பார்த்தபோது கண்டேன்.

ஆகவே வாங்குமுன் ஒவ்வொரு மூடியையும் திறந்து பார்ப்பது முதல் வேலை. எல்லா அறையிலும் தட்டுகள் மூழ்கியிருக்க வேண்டும். எந்த அறையாவது வறண்டிருந்தால், அன்று காலை விற்பவர் நீர் ஊற்றி நிரப்பியிருந்தாலும், போன தட்டு போனதுதான். அதைக் கண்டுபிடிக்க ஹைட்ரோமீட்டர் வேண்டும். பேட்டரிக் கடைக்காரர்கள் ‘கிராவிட்டி பார்ப்பது’ என்று சொல்வார்களே, அதுதான். முழுமையாகச் சார்ஜ் ஏறிய நல்ல பேட்டரியில் அமிலத்தின் அடர்த்தி 1.265க்கும் 1.280க்கும் இடையே நிற்கும். எண் எவ்வளவு என்பதைவிட அறைக்கு அறை எவ்வளவு வேறுபடுகிறது என்பதே முக்கியம். ஒன்றில் 1.270ம் பக்கத்து அறையில் 1.200ம் காட்டினால் அந்தப் பேட்டரி வீட்டுக்கு வந்த சில வாரங்களில் உங்களுக்குச் செலவு வைக்கும்.

வோல்ட்மீட்டர் வைத்துப் பார்ப்பதும் உதவும், ஆனால் நின்ற நிலையில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் 48 வோல்ட் தொகுதி 50.9 அளவில் காட்டும். பாதி தீர்ந்தால் 48.4 அளவுக்கு இறங்கும். நோய்வாய்ப்பட்ட பேட்டரியும் ஓய்வில் நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றிவிடும் என்பதால், வண்டியை எடுத்துக்கொண்டு மேடு பள்ளத்தில் அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு, நிறுத்தியவுடன் ஆறு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஐந்து ஒன்றுபோல் இறங்கி ஒன்று மட்டும் அரை வோல்ட்டுக்கு மேல் பின்தங்கியிருந்தால் நோயாளி அதுதான். ஓட்டிப் பார்க்க விடாமல், ‘இங்கேயே நகர்த்திப் பாருங்கள் சார்’ என்பவரிடம் வாங்காதீர்கள்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. பல நிறுவனங்களின் பேட்டரியில் ஈய முனையின் மேல் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருப்பார்கள். ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். எண் ஆண்டின் கடைசி இலக்கம். ஆறிலும் ஒரே குறி இருந்தால் ஒரே சமயத்தில் மாற்றிய தொகுதி என்று பொருள். நான்கு பழையதும் இரண்டு புதியதும் கலந்திருந்தால், முன்னவர் செத்தவற்றை மட்டும் மாற்றி நாட்களை ஓட்டியிருக்கிறார். பழையவை புதியவற்றையும் தம்மோடு இழுத்துக்கொண்டு போகும். பேட்டரித் தட்டத்தையும் அதன் கீழுள்ள சட்டத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். சார்ஜ் ஏற்றுமுன் விளிம்பு வரை நீர் ஊற்றும் வழக்கமுள்ள இடத்தில், சார்ஜ் ஏறும்போது அமிலம் பொங்கி வழிந்து இரும்பை அரித்திருக்கும். சட்டம் அலுமினியம் என்றால் இந்தக் கவலை குறைவு.

பேட்டரிக்கு வயதைவிட நடத்தையே எமன் என்பது நான் அங்கே கண்ட உண்மை. ஒரு கோடையில் ஆட்டக்காரர்கள் குறைந்ததால் 25 வண்டிகளைச் சுவரோரம் நிறுத்திவிட்டார்கள். இருக்கைக்கு அடியில் ‘டோ’, ‘ரன்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். வண்டியை நிறுத்தி வைக்கும்போதும் கட்டி இழுக்கும்போதும் ‘டோ’வில் வைக்க வேண்டும். அதை ஒருவரும் மாற்றவில்லை. சாவியை எடுத்த பின்பும், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் சொட்டுச் சொட்டாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. 45 பாகை வெயிலில் பேட்டரி தானாகவே இறங்கும் வேகமும் அதிகம். இரண்டு மாதம் கழித்து சார்ஜரைச் செருகினால், பல வண்டிகளில் வோல்ட்டேஜ் அவ்வளவு தாழ்ந்து போயிருந்ததால், எதிரே பேட்டரி இருப்பதையே சார்ஜர் உணரவில்லை. ஒன்றரை வயதுகூட ஆகாத பேட்டரிகள் அவை. வெறுமையாகக் கிடக்கும் ஈயத் தட்டின்மேல் கந்தக உப்பு படிந்து இறுகிவிடும். அதன்பின் எந்தச் சார்ஜரும் அதைக் கரைக்காது.

உங்கள் மாமனார் வாரம் இருமுறைதான் ஆடுகிறார் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆடி முடித்த அன்றே, அரைச் சுற்றுதான் ஆடினார் என்றாலும், சார்ஜில் போட்டுவிட வேண்டும். இடையில் பிடுங்காமல் சார்ஜர் தானாக நிற்கும் வரை விட வேண்டும். சார்ஜ் முடிந்த பிறகே டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். குழாய் நீரும் ஆர்ஓ நீரும் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் காற்றோட்டமான இடம் தேவை. முனைகளில் பூஞ்சை போலப் பூக்கும் வெள்ளைப் படிவை வீட்டு ஆப்பசோடாவை நீரில் கரைத்துத் துடைத்தால் போதும், அந்தக் கரைசல் மட்டும் அறைக்குள் விழக்கூடாது.

லித்தியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒருவர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் வண்டிக்கு, பணம் இருந்தால், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் தொகுதியே நல்லது என்பது என் கருத்து. நீர் ஊற்றும் வேலையே இல்லை. ஒரு வாரம் பாதிச் சார்ஜில் கிடந்தாலும் கெடாது. 170 கிலோ இருந்த இடத்தில் 50 கிலோவுக்குள் முடிந்துவிடும். ஈயத் தொகுதியின் மேல் 8 யூனிட் என்று கணக்குப் போட்டாலும், ஆயுள் வேண்டுமானால் பாதியைத்தான் எடுக்க முடியும். 5 யூனிட் லித்தியத்தில் ஏறக்குறைய முழுவதையும் எடுக்கலாம். ஈயத்தில் பிற்பகலுக்குள் வண்டி தளர்வது தெரியும், லித்தியம் கடைசி வரை ஒரே வேகத்தில் ஓடும். ஆனால் அதன் குறையும் அதுவேதான்: தீர்ந்தால் பாதுகாப்பு மின்சுற்று சட்டென்று துண்டித்துவிடும், முன்னறிவிப்பாகத் தளர்வு இருக்காது. வண்டியில் ஏற்கெனவே உள்ள பழைய மீட்டர் லித்தியத்துக்குச் சரியாகக் காட்டாது. பழைய சார்ஜரையும் பயன்படுத்தக் கூடாது. தொகுதி, சார்ஜர், மீட்டர் மூன்றையும் சேர்த்து விலை கேளுங்கள். பேட்டரி செத்த, ஆனால் சட்டமும் மோட்டாரும் நன்றாக உள்ள வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கி லித்தியம் போடுவதே பல நேரங்களில் புத்திசாலித்தனமான பேரம்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இதில் கியர் மாற்றும் வேலை இல்லை; மோட்டார் ஒரே விகிதப் பல்சக்கரங்கள் வழியாகப் பின் அச்சைச் சுழற்றும். புதிய வண்டிகளில் கார்பன் பிரஷ் இல்லாத ஏசி மோட்டார் வருகிறது, கிடைத்தால் அதையே எடுங்கள். மிதியிலிருந்து காலை எடுத்தால் இறக்கத்தில் வண்டி தானே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறதா என்று பாருங்கள். உங்களுடையது ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை மைதானம் என்றால் இது மிகவும் தேவை, ஏனெனில் பெரும்பாலான பழைய வண்டிகளில் பின் சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. இறக்கத்தில் வளைவை வேகமாக எடுத்தால் ஓரத்தில் இருப்பவர் வெளியே விழுந்துவிடுவார். இருக்கைப் பட்டை இல்லாத வண்டியில் பக்கக் கைப்பிடியை இறுகப் பற்றச் சொல்லுங்கள். இடி மின்னலின்போது அந்தக் கூரை காப்பாற்றும் என்று பலர் நினைக்கிறார்கள், காப்பாற்றாது. வண்டியை விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போக வேண்டும்.

வண்டியில் போவது ஆட்டத்துக்கு இழுக்கு என்று உங்கள் மாமனார் தயங்குவாரானால், இந்த வழக்கைச் சொல்லுங்கள். காலில் பிறவி நோயுள்ள கேசி மார்ட்டின் என்ற அமெரிக்க ஆட்டக்காரர், தொழில்முறைப் போட்டிகளில் வண்டியைப் பயன்படுத்த அனுமதி கேட்டு பிஜிஏ டூர் அமைப்பை எதிர்த்து வழக்காடினார். நடப்பது ஆட்டத்தின் அடிப்படைப் பகுதி என்ற அமைப்பின் வாதத்தை நிராகரித்து, 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2019 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் ஜான் டேலியும் முழங்கால் வலிக்காக வண்டியில் சென்றுதான் ஆடினார். வேடிக்கை என்னவென்றால், 1950களிலிருந்தே இவ்வண்டிகளைச் செய்துவரும் ஊர்களில் பெயர்பெற்றது ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா. அதே ஊரில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியில் ஆட்டக்காரர்கள் எல்லோரும் நடந்துதான் ஆடுகிறார்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு விஷயம். சொந்த வண்டியைக் கொண்டுவர எல்லா மன்றங்களும் அனுமதிப்பதில்லை. தம் வாடகை வண்டியைத்தான் எடுக்க வேண்டும் என்று சில இடங்களில் விதி இருக்கும், ஆட்டக்காரரின் பையைச் சுமக்கும் ‘கேடி’களின் வருமானத்தை எண்ணி மறுப்பவர்களும் உண்டு. அனுமதித்தாலும் மழைக்குப் பின் பாதையை விட்டு இறங்கக் கூடாது, பந்துக்கு நேராக வந்ததும் செங்கோணத்தில் திரும்பிச் சென்று அதே வழியில் பாதைக்குத் திரும்ப வேண்டும் என்றெல்லாம் கட்டுப்பாடுகள் இருக்கும். வண்டியை இரவில் எங்கே நிறுத்துவது, சார்ஜ் போட 15 ஆம்பியர் பிளக் கொடுப்பார்களா, அதற்கு மாதம் எவ்வளவு என்பதையும் மன்றச் செயலாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு, அதன்பின் ஹைட்ரோமீட்டரோடு வண்டி பார்க்கப் போங்கள்.