பாடம் ஒன்று, வழிகள் பல

கேள்வி: ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன், 38 பிள்ளைகள். ஒருவன் எழுத்துக் கூட்டி வாசிக்கவே திணறுகிறான். ஒரு சிறுமி காது கேட்கும் கருவி அணிந்திருக்கிறாள். இன்னொருவனால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்பிக்கும் உள்ளடக்கிய கல்வி என்கிறார்கள். மூன்று பேருக்கும் மூன்று பாடம் நான் ஒருத்தியே தயாரிக்க முடியுமா?
– ஓர் ஆசிரியை

பதில்: மூன்று பாடம் தயாரிக்கவே வேண்டாம். அப்படி முயன்று இரண்டே மாதத்தில் ஓய்ந்துபோனவள் நான். பாடம் ஒன்றே இருக்கட்டும், அதற்குள் வரும் வழிகளை மட்டும் கூட்டுங்கள்.

வாசிக்கத் திணறும் பையனைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். என் வகுப்பில் அப்படி ஒருவன் இருந்தான். மழை எப்படி உண்டாகிறது என்று கேட்டால் கடலில் தொடங்கி மேகம் வரை கையை ஆட்டி ஆட்டிச் சொல்வான். தேர்வுத்தாளில் ஒன்றரை வரிதான் இருக்கும். சோம்பேறி என்று பல மாதம் நினைத்திருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு வலிக்கிறது. 1896-லேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இப்படி ஒரு 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதியிருக்கிறார். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். டிஸ்லெக்சியா என்று இன்று நாம் சொல்லும் இந்த வாசிப்புச் சிரமம் அறிவுக்குறைவு அல்ல.

அவனைத் திடீரென்று எழுப்பி எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லாதீர்கள். நாளை வாசிக்கப்போகும் பத்தியை இன்றே கொடுத்தனுப்புங்கள். அறிவியல் புரிந்ததா என்று பார்க்க வேண்டுமானால் வாயால் சொல்லட்டும், படம் வரைந்து காட்டட்டும். அதற்காக வாசிப்பையே விட்டுவிடக் கூடாது. எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் பயிற்சி அவனுக்குத் தினமும் கொஞ்ச நேரமாவது வேண்டும். அதில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற சிறப்பு ஆசிரியரின் உதவியைக் கேளுங்கள்.

அப்புறம் அந்தச் சிறுமி. காது கேட்கும் கருவி உங்கள் குரலோடு நாற்காலி இழுபடும் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். அதனால் பலகையில் எழுதிக்கொண்டே பேசாமல், எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் உங்கள் முகம் இருட்டாகிவிடும், உதட்டசைவு அவளுக்குத் தெரியாது. பின்னால் இருக்கும் பிள்ளை பதில் சொன்னால் அதை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். இரண்டாம் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தால் பேசுகிறவர் பக்கம் அவளால் திரும்பிப் பார்க்கவும் முடியும்.

உட்கார முடியாதவனுக்கு எழுந்திருக்க ஒரு காரணம் கொடுங்கள்: நோட்டு விநியோகம், பலகை துடைப்பது. பின்வரிசையில் நின்றபடி எழுதினாலும் எழுதட்டும். வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுத்தால் அவன் முடித்துவிடுவான்.

எல்லாருக்குமாக ஒன்று. கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, அதுவரை வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். நாளைக்கே மனசுக்குள் எண்ணிப் பாருங்கள். மூன்று விநாடி முதலில் ரொம்ப நீளமாகத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் வகுப்பில் ஒரு மாணவனுக்கு மட்டும் தேர்வில் கூடுதல் நேரம் தருகிறார்கள். மற்றவர்களுக்கு இது அநியாயம் இல்லையா?
– ஒரு தாய்

பதில்: அந்தத் தேர்வு எதை அளக்கிறது என்று பாருங்கள், அம்மா. ஆற்றில் ஏன் வெள்ளம் வருகிறது என்பது கேள்வியானால், அந்தப் பையனின் கை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது அதில் சேராது. அவன் நேரத்துக்காக உங்கள் மகளின் மதிப்பெண் ஒன்றும் குறையப்போவதில்லை. வேகத்தையே அளக்கும் தேர்வு என்றால் நீங்கள் கேட்பது சரி, அங்கே கூடுதல் நேரம் பொருந்தாது. உங்கள் மகளுக்கும் நேரம் போதவில்லையா? அப்படியானால் தயங்காமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவள் எந்த இடத்தில் நின்றுபோகிறாள் என்று அவர்களும் பார்க்கட்டும்.