கால்சியம் சொட்டு இந்தக் குழந்தைக்கு எதற்கு?

கேள்வி: டாக்டர், பினாங்கு பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு எட்டு மாதம். மூன்று முறை நிமோனியா வந்துவிட்டது. வாயில் வெள்ளைப் படிவம் போகவே இல்லை, கழுத்தும் இன்னும் சரியாக நிற்கவில்லை. கோலாலம்பூரில் மரபணுப் பரிசோதனை செய்து, ‘ஓராய்1’ என்ற கால்சியம் சேனலில் பிறவிக் குறை என்றார்கள். தெரிந்த அக்கா ஒருவர் கால்சியம் சொட்டும் எதிர்ப்புச் சக்திப் பவுடரும் கொடுக்கச் சொல்கிறார். மனைவி ஏழு மாதக் கர்ப்பம். பிறக்கும் பிள்ளையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் காப்பு என்று ஓர் ஏஜெண்டு விடாமல் போன் செய்கிறார். நான் மாமன் மகளைக் கட்டியவன். என் அப்பாவும் ரத்த அழுத்தத்துக்கு ஏதோ கால்சியம் சேனல் மாத்திரைதான் சாப்பிடுகிறார். அவரிடமிருந்து வந்த நோயா இது?

பதில்: தம்பி, முதலில் அந்தச் சொட்டு மருந்தே வேண்டாம். உங்கள் மகனுக்குக் கால்சியம் குறையவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பாருங்கள், கால்சியம் அளவு சரியாகவே இருக்கும். மேலே தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, குழாய்தான் திறக்கவில்லை. தொட்டியில் இன்னும் ஊற்றி என்ன பயன்?

ரத்தத்தில் இருக்கும் கால்சியம், நோய் எதிர்ப்பு அணுவின் உள்ளே இருப்பதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு அதிகம். அந்த எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான ‘டி’ அணு ஒரு கிருமியை அடையாளம் கண்டதும், தனக்குள்ளே சேமித்து வைத்திருக்கும் கொஞ்சம் கால்சியத்தை முதலில் விடுகிறது. அந்தச் சேமிப்பு காலியானதை ஸ்டிம்1 என்ற புரதம் உணர்ந்து, வெளிச்சவ்வில் இருக்கும் ஓராய்1 வாசலைத் திறக்கிறது. வெளியிலிருந்து கால்சியம் நிமிடக்கணக்கில் உள்ளே பாய்ந்துகொண்டே இருந்தால்தான் அணு விழிக்கும், பெருகும், மற்ற அணுக்களையும் வேலைக்குக் கூப்பிடும். உங்கள் மகனுக்கு அந்த வாசல் திறப்பதில்லை. சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் கொடுத்து எதிர்ப்புச் சக்தியை வேண்டுமென்றே அடக்குகிறோம் அல்லவா? அவை தடுப்பதும் இதே பாதையைத்தான், இன்னும் ஒரு படி தள்ளி. இவன் பிறவியிலேயே அந்த நிலையில் இருக்கிறான். 2006இல்தான் இந்த மரபணுவையே கண்டுபிடித்தார்கள். அதனால் உங்கள் ஊர் கிளினிக் டாக்டர் கேள்விப்பட்டதில்லை என்றால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றைக் குறை சொல்லியே தீருவேன். “ரத்தத்தில் அணு எண்ணிக்கை நார்மல், போய் வாருங்கள்” என்று அனுப்புவது. இந்த நோயில் எண்ணிக்கை பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். ஆள் இருக்கிறான், வேலைதான் செய்வதில்லை. அணு வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குப் புது ரத்தம் வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் எடுத்து, திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேரும் ரத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல முடியும்? இதை எத்தனை கடிதத்தில் எழுதினாலும் அதே வெள்ளிக்கிழமை, அதே மதியம். உங்கள் மகனுக்கு மரபணு முடிவு கையில் வந்துவிட்டது. அதுவே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

பவுடர் கொடுக்கச் சொல்லும் அக்காவைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடி, சாறு, தேன் எதுவும் அந்த வாசலைத் திறக்காது. கால்சியமும் வைட்டமின் டி-யும் அளவு மீறினால் சிறுநீரகம் கெடும், அவ்வளவுதான் நடக்கும். ‘இம்யூன் பேக்கேஜ்’ என்று பல நூறு ரிங்கிட் வாங்கிக்கொண்டு நாலு பக்கம் அச்சடித்துத் தரும் பரிசோதனையும் வேண்டாம்.

தொப்புள்கொடிக்கு வருவோம். ஒரு பிள்ளையின் தொப்புள்கொடி ரத்தம் அந்தப் பிள்ளையின் பரம்பரை நோய்க்கே மருந்தாகாது, ஏனென்றால் அதே குறை அந்த ரத்தத்திலும் இருக்கும். ஏஜெண்டு இதைச் சொல்லியிருக்க மாட்டார். அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் வீட்டுக்கு அதுதான் பொருந்துகிறது என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். உங்கள் மகனுக்கு நிரந்தர வழி ரத்த ஸ்டெம் செல், அதாவது ரத்த அணுக்களைப் பிறப்பிக்கும் மூல அணு, மாற்று சிகிச்சை. அந்த மூல அணுக்கள் தொப்புள்கொடி ரத்தத்திலும் உண்டு. தம்பியோ தங்கையோ பிறந்து, அந்தப் பிள்ளைக்கு இந்த நோய் இல்லாமல், திசுவும் அண்ணனோடு முழுதாகப் பொருந்தினால், அந்தத் தொப்புள்கொடி ரத்தம் அண்ணனுக்கு உதவும். நோய் இல்லாதிருக்க நாலில் மூன்று வாய்ப்பு. திசு பொருந்த நாலில் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் பதினாறில் மூன்று, அதாவது ஐந்தில் ஒன்றுகூட இல்லை. உங்கள் இருவரையும் போல, மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் குறையைச் சுமக்கும் பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை, தானம் தரலாம். எடுத்த தொப்புள்கொடி ரத்தத்தில் போதுமான மூல அணுக்கள் இருக்கின்றனவா என்பது அதற்கு மேல் இன்னொரு கேள்வி. ஆக, எடுத்து வைப்பது சரிதான். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியது மாற்று சிகிச்சை செய்யும் மருத்துவர், பிரசவத்துக்கு முன்னாலேயே. ஆண்டுக்கு ஆண்டு சந்தா கட்டச் சொல்லும் ஏஜெண்டு அல்ல. இந்த வாய்ப்பை நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். பெற்றோரிடமிருந்து பாதிப் பொருத்தத்தில் செய்யும் முறையும் இருக்கிறது. சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் சில சமயம் சித்தப்பா, அத்தை பிள்ளைகளின் திசுகூடப் பொருந்திவிடும். நெருங்கிய சொந்தத்தில் யார் யாரைப் பரிசோதிக்கலாம் என்று கேளுங்கள்.

மாற்று சிகிச்சை வெற்றியானாலும், கழுத்து நிற்காததற்குக் காரணமான தசைத் தளர்வு மாறாது. இந்த நோயில் பல் எனாமலிலும் வியர்வையிலும் வரும் குறையும் அப்படியே. தசை, பல், வியர்வைச் சுரப்பி அணுக்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்து வருபவை அல்ல. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு வியர்ப்பதே இல்லை, நம் ஊர் வெயிலில் அது விளையாட்டல்ல. உடம்பு சுட்டால் காய்ச்சலா வெப்பமா என்று தெரியாமல் குழம்புவீர்கள். துணியைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, காற்றில் வையுங்கள். இறங்காவிட்டால் காய்ச்சல் என்றே வைத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இப்போது, நான் தூக்கத்திலும் சொல்லும் விஷயம்: காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. இங்கே பிறந்ததுமே போட்டுவிடுகிறார்கள். அது உயிருள்ள கிருமி. இப்படிப்பட்ட குழந்தையின் உடம்பில் அது பரவிவிடும். மூத்தவனுக்குப் போட்டிருப்பார்கள். அக்குளில் கட்டி, ஊசி போட்ட இடத்தில் சீழ், விடாத காய்ச்சல் எது வந்தாலும் அன்றே சொல்லுங்கள். தட்டம்மைக்கும் புட்டாளம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் போடும் எம்.எம்.ஆர். ஊசி அவனுக்குக் கூடாது, தனியார் கிளினிக்கில் வயிற்றுப்போக்குக்காகத் தரும் ரோட்டா தடுப்புச் சொட்டும் கூடாது. ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் கதிர்வீச்சு செய்த ரத்தம்தான் ஏற்ற வேண்டும். தொற்றைத் தடுக்கத் தினசரி கோட்ரைமோக்சசோல், தேவைப்பட்டால் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் என்று மருத்துவர் எழுதியிருப்பார், ஒரு வேளையும் விடாதீர்கள்.

பிறக்கப்போகும் பிள்ளைக்கும் இந்த நோய் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மரபணு முடிவு வரும்வரை பி.சி.ஜி. வேண்டாம். இதைப் பிரசவ அறையில் வாய்மொழியாகச் சொன்னால் போதாது. ஷிப்ட் மாறும், தாதி மாறுவார், காலையில் எழுந்து பார்த்தால் ஊசி போட்டாகிவிட்டிருக்கும். நிபுணரிடம் கடிதம் வாங்கி, மனைவியின் கர்ப்பகாலப் புத்தகத்திலும் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்திலும் மலாயில் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். மருத்துவமனைப் படுக்கையிலும் ஒரு தாள் ஒட்டுங்கள். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பிறந்ததும் தொப்புள்கொடியிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, மூத்தவனிடம் கண்ட அதே மாற்றத்தைத் தேடச் சொல்லலாம். எதைத் தேடுவது என்று தெரிந்திருப்பதால் முடிவு சீக்கிரம் வரும். ஏழு மாதம் ஆகிவிட்டது, இனி கர்ப்பத்தில் ஊசி குத்திப் பார்க்க ஓட வேண்டாம்.

பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு ரெஃபரல் கடிதம் போய்ச் சேரும் வேகம் உங்களுக்கே தெரியும். கடிதம் போயிற்றா என்று நீங்களே வாரம் ஒருமுறை கேளுங்கள். “அடுத்த மாதம் போன் பண்ணுவார்கள்” என்றால் நம்பாதீர்கள். இந்த நோயில் தொற்று வருவதற்கு முன்னால் மாற்று சிகிச்சைக்குப் போகிற பிள்ளைதான் நன்றாகத் தேறுகிறது.

நோய் வந்தது இருவரிடமிருந்தும், ஆளுக்கு ஒரு பிரதி. மருமகளைப் பேசும் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அப்பாவின் மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது அம்லோடிபின் போன்ற ஒன்றாக இருக்கும். ரத்தக்குழாயில் இருக்கும் வேறொரு கால்சியம் வாசலை அடைக்கிறது. பயந்துபோய் நிறுத்தியிருந்தால் மறுபடி சாப்பிடச் சொல்லுங்கள்.