முதல் தடவ கடையில களவு கேஸ்: அவசரப்பட்டு ஒத்துக்கலாமா?

ஹட்டன் பக்கத்து தோட்டத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அவரோட தங்கச்சிக்கு 19 வயசு, டவுன் சூப்பர் மார்க்கட்ல ஃபேஸ் க்ரீமும் ஷாம்பூவும் பேக்ல போட்டுக்கிட்டு காசு கட்டாம வெளிய வந்து புடிபட்டு, பொலிஸ் கேஸாகி இப்ப பிணையில வீட்ல இருக்கு. குவைத்துக்கு வேலைக்கு போற யோசனையும் இருக்காம். லயத்துல எல்லாரும் "குற்றத்த ஒத்துக்க, ஃபைன கட்டு, அன்னைக்கே முடிஞ்சிரும்"னு சொல்றாங்களாம்.

தம்பி, லோயர் இல்லாம அப்பிடி செஞ்சிடாதீங்க. ஃபைன் கட்டுனா கோர்ட்டுக்கு அலையுறது வேணும்னா முடியும், ஆனா களவுல குற்றவாளின்னு ஒரு தீர்ப்பு அந்த புள்ள பேர்ல நிக்கும், நாளைக்கு வெளிநாட்டு வேலைக்கு பொலிஸ் ரிப்போர்ட் எடுக்கப் போனா அங்கதான் இடிக்கும்.

இலங்கை தண்டனைச் சட்டக்கோவை 367ஆம் பிரிவுப்படி களவுக்கு 3 வருஷம் வரைக்கும் சிறை, இல்லாட்டி தண்டப்பணம், இல்லாட்டி ரெண்டுமே குடுக்கலாம். பயந்துராதீங்க, அது உச்சபட்சம். முதல் தடவைக்காரங்களுக்கு சட்டத்துலயே ஒரு வழி இருக்கு, நிறைய பேருக்கு அது தெரியாம போறதுதான் எனக்கு வேதனை. 1979ஆம் வருஷத்து குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில 306ஆம் பிரிவு. குற்றம் நிரூபணமானாலும் வயசு, முந்தின நடத்தை, விஷயம் எவ்வளவு சின்னது, இதெல்லாம் பாத்து நீதவான் குற்றவாளின்னு தீர்ப்பு போடாமலே எச்சரிச்சு விடலாம், இல்ல நன்னடத்தைக்கு பிணை எழுதி வாங்கிட்டு விடலாம். கட்டாயம் கிடைக்கும்னு சொல்ல மாட்டேன், அது நீதவான் முடிவு. ஆனா அத கேட்டு வாதாட ஆள் வேணும். அது சரிவரலன்னா ஒத்திவைச்ச சிறை (தண்டனை போட்டாலும், குறிச்ச காலத்துல மறுபடி குற்றம் செய்யாட்டி உள்ள போக வேண்டியதில்ல), சமுதாய சீர்திருத்த உத்தரவு (சிறைக்கு பதிலா மேற்பார்வையில சமூக வேலை செய்யுறது)ன்னு வேற வழியும் இருக்கு.

இன்னொண்ணு, தங்கச்சி உண்மையிலயே காசு கட்ட மறந்துதான் வந்துச்சுன்னா அது களவே இல்ல, களவுக்கு நேர்மையில்லாத எண்ணம் இருக்கணும். அப்பிடின்னா ஒத்துக்கவே கூடாது, கேமரா பதிவ லோயர் கேட்டு பாக்கணும்.

பொலிஸ்ல சிங்களத்துல எழுதுன வாக்குமூலத்துல வாசிக்க தெரியாம கையெழுத்து போட்டுருச்சுன்னு எழுதியிருந்தீங்க. பொலிஸ்காரர்கிட்ட குற்றத்த ஒத்துக்கிட்டதா இருந்தா அத அந்த புள்ளைக்கு எதிரா சாட்சியா காட்ட முடியாது, சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவு. கோர்ட்ல சொல்றது புரியாட்டி தமிழ்ல மொழிபெயர்ப்பு கேக்குறதும் உரிமைதான், கூச்சப்படாம கேக்க சொல்லுங்க.

கடைக்காரருக்கு சாமான் காசு குடுத்துட்டா கேஸ் தன்னால போயிராது, ஆனா குடுத்ததுக்கு ஒரு கடிதம் வாங்குங்க, கிராம சேவகர், படிச்ச ஸ்கூல் அதிபர்கிட்ட நற்சான்றும் எடுங்க, 306 கேக்கும்போது இதெல்லாம் கைகுடுக்கும். லோயருக்கு காசு இல்லன்னா சட்ட உதவி ஆணைக்குழு ஆஃபீஸ்க்கு குற்றப்பத்திரம், சம்பள சீட்டு, ஐடி கார்டோட போங்க, வருமானம் குறைஞ்சவங்களுக்கு அங்க இலவசமா பாப்பாங்க. கோர்ட் தவணைக்கு முந்தின நாள் ஓடாதீங்க, இந்த வாரமே போங்க. தவணைய மட்டும் விட்டுடாதீங்க, விட்டா பிடியாணை வரும், பிணையும் போயிரும்.