அதிகாலையில் அலாஸ்கா கரடிகள்

கேள்வி: அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இன்றும் அதிகாலையிலேயே எழுந்துவிடுகிறார். முட்டி வலி, வெளியே போக முடியாது. காட்டு விலங்குகளை நேரலையில் காட்டலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: தாராளமாகக் காட்டலாம், தங்கச்சி. அம்மா விழித்திருக்கும் நேரமே சரியான நேரம். யூடியூபில் ‘புரூக்ஸ் நீர்வீழ்ச்சி’ நேரலையைத் தேடுங்கள். அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவில் இருக்கிறது. ஜூலையில் நமக்குக் காலை 6 மணி என்றால் அங்கே முந்தின நாள் பிற்பகல் 2 மணி, நல்ல வெளிச்சம். முட்டையிடக் கடலிலிருந்து ஆறேறி வரும் சால்மன் மீன்கள் அருவியில் தாவும். மேலே காத்து நிற்கும் பழுப்புக் கரடி அப்படியே வாயால் கவ்வும்! இந்தத் தோட்டத்து வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்க்கக் கிடைத்ததே பெரிய பாக்கியம் என்பேன். சில நேரம் கரடியே வராது. மாற்றிவிடாதீர்கள், தண்ணீர்ச் சத்தமே மனசுக்கு இதம்.

செப்டம்பரில் கரடிகள் நன்றாகக் கொழுத்திருக்கும். குளிர்காலத்தில் அவை உறங்கப் போய்விடும். அப்போது நமீபியா பாலைவனத்து நீர்நிலை நேரலையைப் போடுங்கள். இரவு 11 மணிக்கு அங்கே மாலை 5, ஓரிக்ஸ் மான்கள் தண்ணீர் குடிக்க வரும். அப்புறம், கைப்பேசி வேண்டாம், தொலைக்காட்சியில் இணைத்துக் கொடுங்கள். அம்மாவின் கண்ணுக்கு அதுதான் நல்லது.