தகரக் கூரையும் சாம்பார்ப் பானையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வீட்டின் பின்பக்கம் இழுத்துக் கட்டிய சமையலறைக்குத் தகரக் கூரை. அதற்கு அடியில் அலுமினியத் தாளை, பளபளப்பு மேலே பார்க்கும்படி ஒட்டி, அதையொட்டியே சிலிங் பலகையை அடித்துக் கொடுத்தார்கள். இன்னும் அதே வெக்கைதான். தாள் மட்டமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தாளில் குறை இல்லை, பொருத்திய விதம்தான் தவறு. சூடான தகரம் தன் வெப்பத்தை முக்கியமாகக் கதிர்வீச்சாகத்தான் கீழே அனுப்பும். சூடான காற்று மேலேயே தங்குவதால் காற்றோட்டத்தின் பங்கு குறைவு. பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிரில் 95 விழுக்காடு அளவைத் திருப்பிவிடும், தானும் மிகக் குறைவாகவே உமிழும். ஆனால் இந்த இரண்டும் நடக்க அதன் முகத்துக்கு எதிரே காற்று இடைவெளி வேண்டும். உங்கள் கூரையில் மேலே தகரம், கீழே பலகை, நடுவில் தாள் என்று எல்லாம் ஒட்டிக் கிடக்கின்றன. தொட்டுக்கொண்டிருக்கும்போது வெப்பம் கடத்தலாகவே இறங்கிவிடும். அலுமினியமோ நல்ல கடத்தி.

பலகையைக் கழற்றி, 25 மில்லிமீட்டர் கனமுள்ள மரச்சட்டங்களை அடித்து, அதன் கீழே பலகையைப் பொருத்தச் சொல்லுங்கள். தாளின் பளபளப்பு கீழே, இடைவெளியைப் பார்க்கட்டும். மேலே பார்த்த முகத்தில் தூசி படிந்தால் அது சாதாரண மேற்பரப்புபோல ஆகிவிடும். கீழே பார்க்கும் முகத்தில் அந்தத் தொல்லை குறைவு. ஆணி அடிக்கும் முன் மின்கம்பி போகும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள், தாளில் மின்சாரமும் பாயும்.

இதைவிட மலிவான வேலை ஒன்று உண்டு: தகரத்தின் வெளிப்பக்கம் வெள்ளைச் சாயம். வெறும் தகரம் மினுமினுத்தாலும், வாங்கிய வெப்பத்தை லேசில் வெளியே உமிழாது. அதனால்தான் கை வைக்க முடியாதபடி காய்கிறது. வெள்ளைச் சாயம் வெயிலையும் திருப்பும், வெப்பத்தையும் நன்றாக உமிழும். என்னைக் கேட்டால் முதலில் சாயத்தை அடித்துப் பாருங்கள்.

கேள்வி: விசேஷத்தில் மிஞ்சிய 5 லிட்டர் சாம்பாரைப் பானையோடு ஐஸ் பெட்டியில் வைத்தேன். காலையில் மேலே குளிர்ச்சி, நடுவில் வெதுவெதுப்பு, புளித்தும் போயிருந்தது. ஏன்?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: பெட்டிக்குள் இருப்பது குளிர்ந்த காற்று. வெப்பத்தை இழுத்துக்கொள்வதில் காற்று படு மந்தம். பருப்பு கரைந்த சாம்பார் கெட்டியாக இருப்பதால் உள்ளே சுழற்சியும் நடக்காது. நடுப்பகுதி பல மணி நேரம் கிருமி பெருகும் சூட்டிலேயே கிடக்கும்.

பாத்திரம் கழுவும் தொட்டியை அடைத்து, பானையை உள்ளே வைத்து, சாம்பாரின் மட்டத்துக்குப் பைப்புத் தண்ணீர் பிடியுங்கள். விடாமல் கிளறுங்கள், பாதி வேலை கரண்டியில்தான். தண்ணீர் சுட்டதும் கொட்டிவிட்டு மறுபடி பிடியுங்கள். இரண்டு பக்கமும் சூடு நெருங்க நெருங்க வெப்பம் நகர்வது மெதுவாகிவிடும், அதற்காகத்தான் மாற்றுவது. சாம்பார் 50 டிகிரி வாக்கில் இறங்கிய பிறகு தொட்டித் தண்ணீரில் ஐஸ் போடலாம். 5 லிட்டரை 50-லிருந்து 30 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 420 கிலோஜூல் வெளியேற வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகவே 334 கிலோஜூல் இழுக்கும், உருகிய தண்ணீர் சூடேற இன்னும் நூறு. சுற்றியுள்ள தண்ணீரும் பங்கு கேட்கும், ஆகவே ஒன்றரை கிலோ வாங்குங்கள். கொதிக்கும்போதே ஐஸைக் கொட்டினால் காசுக்குத்தான் கேடு. தண்ணீர் இல்லாமல் ஐஸை மட்டும் சுற்றி அடுக்கினாலும் பயனில்லை, கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் நிற்கும். ஆறியதை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் தட்டையான டப்பாக்களில் ஊற்றிப் பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: மொசைக் தரை குளிர்கிறது, பக்கத்தில் விரித்த பாய் குளிரவில்லை. தரையின் வெப்பநிலை குறைவா?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: இரவெல்லாம் ஒரே அறையில் கிடந்த பொருள்களுக்கு வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் கால் அதைவிடச் சூடு. தரை அந்தச் சூட்டை வேகமாக உறிஞ்சுகிறது, பாய் மெதுவாக. தொட்டால் ‘ஜில்’லென்று இருக்கும் அலுமினியத் தட்டிலும், அப்படித் தோன்றாத மரப்பலகையிலும் ஒரே அளவு ஐஸ் கட்டி வைத்துப் பாருங்கள். தட்டில் இருப்பதுதான் முதலில் உருகும். அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பம் கடத்தும்.

கேள்வி: ஆளில்லாத அறையில் காற்றாடியை ஓடவிட்டால் அறை குளிருமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: குளிராது. ஜன்னல் மூடியிருந்தால் மோட்டாரின் சூடும் அறைக்குள்ளேயே சேரும். காற்றாடி குளிர்விப்பது வியர்வை உள்ள தோலை, அறையை அல்ல. அணைத்துவிட்டுப் போங்கள்.