வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுடையது கறுப்பு நிறக் கார். வாரம் தவறாமல் நானே ஒரு வாளித் தண்ணீரும் பழைய பனியன் துணியும் கொண்டு கழுவித் துடைத்துவிடுகிறேன். இடையில் தூசி படிந்தால் உலர்ந்த துணியால் தட்டிவிடுவதும் உண்டு. ஆனாலும் வெயிலில் பார்க்கும்போது பானெட் முழுவதும் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரிகின்றன. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் ஏன் இப்படி?

பதில்: சொல்வதற்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது, அந்தக் கோடுகள் பெரும்பாலும் உங்கள் வாராந்திரத் துடைப்பிலிருந்து வந்தவையே. இக்காலக் கார்களில் வண்ணத்துக்கு மேல் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கிறது. அதன் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. பளபளப்பு முழுவதும் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. அதன்மேல் படிந்திருக்கும் புழுதியில் நுண்மணலும் கலந்திருப்பதால், நீர் ஊற்றி அகற்றும் முன்பே துணியை வைத்துத் தேய்க்கும்போது அந்த மணல் துணியோடு சேர்ந்து ஓடிக் கீறிவிடுகிறது. உலர்ந்த துணியால் தட்டுவது இதைவிடவும் கெடுதல்; அந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கோடுகள் வட்டமாகத் தெரிவதால் வட்டமாகத் தேய்த்ததுதான் காரணம் என்று எண்ண வேண்டியதில்லை. கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. சூரியனின் பிரதிபலிப்பைச் சுற்றி, ஒளியைக் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் உள்ளவை மட்டும் மின்னுவதால் வட்டம் போன்ற தோற்றம் உண்டாகிறது. தலையைச் சற்று நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும்.

இனிச் செய்ய வேண்டியது இது. காரை நிழலில் நிறுத்தி, பானெட்டைத் தொட்டுப் பார்த்துச் சூடு தணிந்த பிறகே தொடங்குங்கள். கையை வைக்கும் முன்பு நீரைப் பாய்ச்சியே எவ்வளவு அழுக்கு போகுமோ அவ்வளவையும் போக்கிவிட வேண்டும். பிறகு இரண்டு வாளிகள்: ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர், மற்றதில் வெறும் நீர். மைக்ரோஃபைபர் எனப்படும் நுண்ணிழைத் துணியாலான கையுறையை ஷாம்பு நீரில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவியதும், வெறும் நீரில் அலசிப் பிழிந்த பின்பே மறுபடி ஷாம்பு வாளியில் விட வேண்டும். சற்று நேரம் கழித்து இரண்டாவது வாளியின் அடியில் விரலை விட்டுப் பார்த்தால் மணல் நெறுநெறுக்கும். ஒரே வாளியாக இருந்தால் அத்தனையும் திரும்பக் காரின் மேலேயே ஏறியிருக்கும். கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வாருங்கள். கதவுகளின் அடிப்பகுதியும் பின் பம்பரும் அதிக அழுக்குச் சேரும் இடங்கள் என்பதால் கடைசியில் வரட்டும். சக்கரங்களில் பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் துகள் படிந்திருக்கும், ஆகவே அவற்றுக்கென்று தனித் துணியும் தனி வாளியும் வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தை எடுக்கும்போது அழுத்தித் தேய்க்காமல், பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு மெல்ல இழுத்தாலே போதும்.

கேள்வி: பாத்திரம் துலக்கும் திரவத்தில் கழுவினால் பெயின்ட் போய்விடும் என்கிறார்களே?

பதில்: ஒருமுறை கழுவியதால் பெயின்ட் போய்விடாது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுவதற்கென்றே உருவாக்கப்பட்ட அது, நீங்கள் மெனக்கெட்டுப் பூசிய மெழுகையும் சேர்த்தே கரைக்கத் தொடங்கிவிடும். தவிரவும், கார் ஷாம்புவில் மணலை வழுக்கிக்கொண்டு போகச் செய்யும் வழுவழுப்பு கூடுதலாக இருக்கும்.

கேள்வி: பாலிஷ், வாக்ஸ் இரண்டும் ஒன்றுதானா? இரண்டையும் போட வேண்டும் என்றால் எதை முதலில் போடுவது?

பதில்: இரண்டும் நேரெதிர் வேலைகள். பாலிஷில் மிக நுண்ணிய தேய்ப்புப் பொருள் இருக்கிறது. அது கிளியர் கோட்டின் மேற்பரப்பைச் சிறிதளவு சீவிக் கீறலின் விளிம்புகளைச் சமன் செய்கிறது. வாக்ஸ் எதையும் எடுப்பதில்லை. மேலே மெல்லிய காப்பு ஒன்றைச் சேர்க்கிறது. ஆகவே பாலிஷ் முதலில், வாக்ஸ் பிறகு. வரிசையை மாற்றினால் போட்ட மெழுகைப் பாலிஷே சுரண்டி எடுத்துவிடும்.

ஒவ்வொரு பாலிஷும் திரும்ப வராத பூச்சில் கொஞ்சத்தைக் கொண்டுபோகிறது. வண்டி பளபளப்பாகத்தானே இருக்கிறது என்றால் பாலிஷை எடுக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. அவசியம் என்று தோன்றினால், முதலில் கீறலின் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டி நின்றால் கீறல் ஆழமானது. கையால் போடும் பாலிஷுக்கு அது அடங்காது. தட்டவில்லை என்றால் முயன்று பார்க்கலாம்.

கழுவி உலர்த்திய காரின் மேல், கையை மெல்லிய பிளாஸ்டிக் பையில் நுழைத்துத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். அவை பூச்சில் ஒட்டிக்கொண்ட இரும்புத் துகள்களும் மரப்பிசின் துளிகளும். கார்களுக்கென விற்கும் களிமண் கட்டியை, அதற்கான வழுக்குத் திரவத்தைத் தெளித்துக்கொண்டு, அழுத்தாமல் ஓட்டினால் அவை போய்விடும். கட்டி கை நழுவித் தரையில் விழுந்துவிட்டால் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம் என்று ஆசைப்படாதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள். அதில் ஏறிய மண்ணை முழுவதுமாக எடுக்கவே முடியாது.

அதன் பிறகு, எளிதில் கண்ணில் படாத ஓர் இடத்தில் உள்ளங்கை அளவுக்குப் பாலிஷை இட்டுச் சோதித்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும். கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயின்டில் அது இயல்பே. மற்றவற்றில் கிளியர் கோட் தேய்ந்துபோய்விட்டது என்று பொருள். கதவு, பானெட் ஆகியவற்றின் விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு மெலிவாக இருக்கும் என்பதால் அங்கே கை இன்னும் இலேசாகட்டும்.

கேள்வி: வாக்ஸ் போட்ட பிறகு திட்டுத்திட்டாக வெள்ளை படிந்து, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. கறுப்புப் பிளாஸ்டிக் பகுதிகளிலும் வெள்ளைக் கறை நிற்கிறது.

பதில்: அளவுக்கு மீறிப் பூசியிருக்கிறீர்கள், அல்லது சூடான பரப்பில் பூசியிருக்கிறீர்கள். பூச்சோடு ஒட்டி நிற்கும் மெல்லிய படலம் மட்டுமே காப்பாக அமையும். மிச்சம் அத்தனையும் நீங்கள் தேய்த்து எடுக்க வேண்டிய வீண் சுமை. போகாத திட்டின் மேல் அதே வாக்ஸை மீண்டும் சிறிதளவு தடவி, உடனே சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் பழையதும் இளகி வந்துவிடும். அடுத்த முறை, பூசிய இடத்தை விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். இழுத்த தடம் தெளிவாகத் தெரிந்தால் துடைக்கலாம், விரலோடு ஈஷிக்கொண்டு வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். பிளாஸ்டிக் பகுதிகளை முன்கூட்டியே ஒட்டு நாடாவால் மறைத்துவிடுவது நல்லது. முன்கண்ணாடியிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழையில் வைப்பர் ஓடும்போது பார்வையை மங்கச் செய்யும்.

பிரேசிலில் வளரும் ஒரு வகைப் பனையின் இலையிலிருந்து எடுக்கப்படும் கார்னௌபா மெழுகு, ஆழ்ந்த நிறங்களுக்கு நல்ல பொலிவு தரும். ஆனால் சில வாரங்களிலிருந்து இரண்டொரு மாதங்களுக்குள் தேய்ந்துவிடும். செயற்கைப் பாலிமரால் ஆன சீலன்ட் எனும் காப்புப் பூச்சு அதைவிட நீடிக்கும். அடிக்கடி பூசப் பொறுமை இல்லாதவர்களுக்குப் பின்னதையே சொல்வேன்.

கேள்வி: பறவை எச்சத்தை வார இறுதியில் கழுவும்போது பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. எச்சத்தில் அமிலத்தன்மை உண்டு. வெயிலில் இளகும் பூச்சு, பிறகு குளிரும்போது காய்ந்த எச்சத்தைச் சுற்றி இறுகித் தடம் பதிந்துவிடும். ஈரத் துணியைச் சில நிமிடங்கள் மேலே போட்டு ஊறவிட்டு, சுரண்டாமல் தூக்கி எடுங்கள்.

கேள்வி: மேட் எனப்படும் பளபளப்பில்லாத பெயின்ட் அடித்த காருக்கு எந்த வாக்ஸ் சிறந்தது?

பதில்: எதுவுமில்லை. பாலிஷும் வழக்கமான வாக்ஸும் அங்கங்கே மினுமினுப்பை உண்டாக்கிவிடும். அதைத் திரும்ப மேட்டாக்க வழியில்லை. அவ்வகைப் பெயின்டுக்கென்றே தயாரித்த ஷாம்புவும் காப்புத் திரவமும் மட்டும் போதும். புதிதாகப் பெயின்ட் அடித்த பாகத்துக்கும், பெயின்ட் நிறுவனம் சொல்லும் கால அளவு கழியும்வரை வாக்ஸ் வேண்டாம். கரைப்பான் முழுவதும் ஆவியாகி வெளியேற வேண்டும்.

கேள்வி: கழுவி நிறுத்திய மறுநாள் பிரேக் உரசும் ஒலி கேட்கிறது. சக்கரத்தோடு சுழலும் பிரேக் வட்டான டிஸ்க்கில் துருவும் தெரிகிறது. கழுவியதில் ஏதேனும் கெட்டுவிட்டதா?

பதில்: டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது, ஈரம் பட்டால் சில மணி நேரத்திலேயே மேலாகத் துருப் படலம் தோன்றும். சில முறை பிரேக் பிடித்ததும் அது தேய்ந்து, ஒலியும் நின்றுவிட வேண்டும். கழுவி முடித்ததும் காரைச் சற்று தூரம் ஓட்டி, இரண்டு மூன்று முறை மெதுவாகப் பிரேக் பிடித்துவிட்டு நிறுத்தினால் இது பெரிதும் குறையும். பல நாள் ஓட்டிய பிறகும் ஒலி தொடர்ந்தால் பிரேக் பேட் தேய்ந்திருக்கக்கூடும், மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். டயருக்குப் பளபளப்புத் திரவம் பூசும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், அது டிஸ்க்கின் மேலும், சாலையைத் தொடும் டயர்ப் பரப்பின் மேலும் ஒரு துளிகூடப் படக்கூடாது.