துணியில் தைத்த போஸ்ட்கார்டை உறையில் போடாமல் அனுப்பினால் போய்ச் சேருமா? இது வெட்டி வேலை இல்லையா?

போய்ச் சேரும். ‘வெட்டி வேலை’ என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதுதான் இங்கே வந்து கேட்கிறீர்கள். எனக்கும் சொன்னார்கள்.

சிநேகிதிகளுக்கு நான் பல வருடமாக இப்படித் தைத்து அனுப்புகிறேன். சட்டை தைத்து மிஞ்சிய வெட்டுத்துணிதான் முதல். அளவு 6க்கு 4 அங்குலம். எடுத்தவுடனே அந்த அளவுக்கு வெட்டிவிடாதீர்கள். தையல் ஓட ஓடத் துணி உள்வாங்கும். சுற்றிலும் அரை அங்குலம் கூட விட்டு, தைத்தபின் நறுக்குங்கள். மேல்துணியையும் நடுவில் வைக்கும் விறைப்பான கேன்வாஸையும் சேர்த்து முதலில் தைத்துவிட்டு, வெளிர்நிறப் பின்துணியைக் கடைசியில் ஒட்டினால் எழுதும் பக்கத்தில் தையல் தெரியாது. பஞ்சு வைத்தால் மெத்தென்று இருக்கும்தான், ஆனால் உறையில்லாமல் போகிற கார்டு வளையக்கூடாது. பஞ்சுக் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், உங்கள் கார்டு உங்கள் இஷ்டம்.

ஓரத்துக்கு நெருக்கமான ஜிக்ஜாக், இரண்டு சுற்று. ஒரே சுற்றில் விட்டால் வழியிலேயே பிசிறு கிளம்பும். மைப் பேனா துணியில் ஊறிப் பரவும். துணிக்கென்று விற்கும் அழியாத பேனாவால் எழுதி, மேலே இஸ்திரி போடுங்கள். ஸ்டாம்ப் துணியில் சரியாகப் பிடிக்காது, தனியாகப் பசை தடவுங்கள். பட்டன், மணி வேண்டாம், தபால் பிரிக்கும் இயந்திரத்தில் மாட்டும். தடிமன் காரணமாகப் பெரும்பாலும் கடிதக் கட்டணம்தான் கேட்பார்கள். கவுன்டரில் நேரில் கொடுத்து, கையால் முத்திரை குத்தித் தரமுடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

வேலை மாறி வெளியூர் போன ஒரு தோழிக்கு மஞ்சள் துணியில் சூரியன் வைத்துத் தைத்து அனுப்பினேன். சூரியன் மேலேயே கறுப்பாக முத்திரை விழுந்து, ஒரு மூலை அழுக்காகிப் போய்ச் சேர்ந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. ‘சோப்புப் போட்டுத் துவைக்கட்டுமா?’ என்று போன் செய்தாள். தொட்டால் பேச்சே கிடையாது என்றேன். அந்தக் கறை பட்டதால்தான் அது தபால். உறைக்குள் போட்டு அனுப்பச் சொல்பவர்களுக்கு இது புரிவதில்லை. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறை போடுவதை நான் குறை சொல்லவில்லை, அதற்கும் யாராவது வந்துவிடுவார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

வெட்டி வேலை என்றார் என் அத்தை ஒருவர். வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினால் முடிந்தது என்பது அவர் கணக்கு. அதே அத்தைதான் போன வாரம் ஒரு பை நிறையப் பழைய பேன்ட்களைக் கொண்டுவந்து இறக்கினார், ‘சும்மாதானே இருக்கே, ஜிப் மட்டும் மாத்திக் குடும்மா’ என்று. ஜிப் மாற்றுவது ‘மட்டும்’ இல்லை. பழைய தையலைப் பிரித்தே கண் போய்விடும். மெஷின் வைத்திருக்கிற வீட்டில் மற்றவர்களுடைய ஜிப் குவிவதைப் பற்றி யாராவது தனிக் கேள்வி போடுங்கள், நான் பக்கம் பக்கமாக எழுதத் தயார். இதுவரை ஒருவர்கூட ஜிப்பை வாங்கிக்கொண்டு வந்ததில்லை.